சளி, இருமலுக்குத் தூதுவளை ரசம்: முள் நீக்குவதிலிருந்து தொடங்குவோம்

தூதுவளை வேலியில் தானாகப் படரும் கொடி. இதை முதன்முறை சமைப்பவர்கள் தடுமாறுவது ரசத்தில் அல்ல, முள்ளில்தான். அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் கொடியை அடையாளம் காண வேண்டும். இது கத்தரிக் குடும்பம் என்பதால் பூவும் கத்தரிப்பூ போலவே ஊதா, நடுவில் மஞ்சள். இலையின் ஓரம் மடல் மடலாக வளைந்திருக்கும். பழுத்தால் காய் சிவக்கும். தரையோடு படர்ந்து, ஊசி போல நேரான முட்களும் மஞ்சள் பழமும் இருந்தால் அது கண்டங்கத்திரி, இந்த ரசத்துக்கு வேண்டாம். சந்தேகம் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டிவிட்டே பறியுங்கள். சாலையோரச் செடியும், பூச்சிமருந்து அடித்த தோட்டத்து வேலியும் கூடாது.

இரண்டு பேருக்கு 20 இலை போதும். இனி முள். இலையைத் திருப்பிப் பாருங்கள்: நடு நரம்பில் கொக்கி போல வளைந்த சின்ன முட்கள் தெரியும். வெந்தாலும் இவை தொண்டையில் குத்தும். காம்பைக் கிள்ளிவிட்டு, சிறிய கத்தரிக்கோலால் ஒவ்வொரு முள்ளாக நறுக்குங்கள். விரலை நரம்பின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் விட்டுப்போனது தெரிந்துவிடும். அவசரப்படாதீர்கள்.

இலையைக் கழுவி, ஒரு ஸ்பூன் நெய்யில் சுருளும் வரை வதக்குங்கள். மிளகு, சீரகம் ஒவ்வொரு ஸ்பூன், பூண்டு நாலு பல் சேர்த்து மையாக அரையுங்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்து போட்டு, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். அப்புறம் அரைத்த விழுதைக் கலந்து, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். கடுகு, கறிவேப்பிலை தாளித்து வடிகட்டினால், தப்பிய முள் ஏதாவது இருந்தாலும் நின்றுவிடும்.

குழைந்த சாதத்தில் சூடாகப் பிசைந்து சாப்பிடலாம். சாதாரணச் சளிக்குத் தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். மூச்சுத் திணறினாலோ சளியில் ரத்தம் கண்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். இருமல் 2 வாரம் தாண்டினாலும் காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய அவரைப் பார்த்தே ஆக வேண்டும். கர்ப்பிணிகளும், தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இலை பறித்த தண்டு முற்றியதாக இருந்தால் எறிய வேண்டாம். ஒரு சாண் துண்டாக நறுக்கித் தொட்டியில் ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் துளிர்க்கும். ஏறிப் படர ஒரு குச்சியும் நட்டுவிடுங்கள்.