ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் வருகிறதா?

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் தேதியை ஒரு மாதம் தள்ள, மாதத்தை மாற்றும் செட்மந்த் (setMonth) கட்டளையை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். 2025 ஜனவரி 31-ஐ எடுத்து மாதத்தைப் பிப்ரவரிக்கு மாற்றிப் பாருங்கள், மார்ச் 3 என்று வந்து நிற்கும், ஏனென்றால் பிப்ரவரிக்கு 28 நாள்தான், மிச்சம் 3 நாளை அது அடுத்த மாதத்தில் தள்ளிவிடும், பிழை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. தவணைக் கணக்கில் எனக்கு ஒரு மாதமே காணாமல் போனது இப்படித்தான்.

சரி, என்ன செய்யலாம்? நாள் எண்ணைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு தேதியை முதலில் 1 ஆக்குங்கள், அப்புறம் மாதத்தை மாற்றுங்கள், பிறகு அந்த மாதத்தின் கடைசி நாள், எடுத்து வைத்த நாள் இரண்டில் எது சிறியதோ அதைப் போடுங்கள். கடைசி நாள் தெரிய, அடுத்த மாதத்தின் 0-ஆம் தேதியை, அதாவது 1-ஆம் தேதிக்கு முந்தைய நாளை, கேட்டால் போதும். மாத எண் 0-இல் தொடங்குவதால் பிப்ரவரிக்கு 1, மறக்காதீர்கள்.