அரிசி ஆலைப் புகையைச் சீர்செய்ய: பெரும்போகத்தில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் அவித்த அரிசி ஆலை நடத்துபவர்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் முடியும் திகதியை வைத்தே புகைபோக்கி வேலைக்கு நாள் குறிக்கிறார்கள். வெள்ளாமைக் காலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொயிலர் வழமையான சுமையில் ஓடினால்தான் புகைப் பரிசோதனைக்குப் பெறுமதி உண்டு. ஆகவே பெரும்போக அறுவடை நெல் வந்து குவியும் மார்ச் மாதத்தைப் பரிசோதனைக்கு ஒதுக்கி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஜூலையில் அதிகம் காசு செலவில்லாத வேலை. கரும்புகை வந்தால் பொயிலரில் எரிக்கும் உமி நனைந்திருக்கும், அல்லது அளவுக்கு மேல் கொட்டப்பட்டு காற்றுப் போதாமல் எரியும். உமிக் கொட்டிலுக்குக் கூரை போட்டு, உமியைச் சிறுகச் சிறுக, சீராக விடுங்கள். இதை முடிக்காமல் புகையை அளவெடுக்க வேண்டாம். காற்றைத் திருத்தியதும் புகையின் கனவளவு மாறும். பழைய அளவுக்குச் செய்த சைக்கிளோன் (புகையைச் சுழற்றிச் சாம்பலைப் பிரிக்கும் கூம்புக் கலன்) பொருந்தாது.

ஆகஸ்டில் சிறுபோக நெல் ஓடும்போது முதல் அளவீடு. அதற்குப் புகைபோக்கியில் துளையும் ஆள் நிற்க மேடையும் வேண்டும். வளைவில் இருந்து விட்டத்தின் 8 மடங்கு மேலே, வாயில் இருந்து 2 மடங்கு கீழே துளை அமைவது நல்லது. அரை மீற்றர் விட்டமென்றால் 4 மீற்றரும் 1 மீற்றரும்.

சைக்கிளோன் 10 மைக்ரோனுக்கு மேற்பட்ட சாம்பலை நன்றாகப் பிடிக்கும், நுண்தூள் தப்பிவிடும். அளவீடு அனுமதிக்கப்பட்ட வரம்பை அதிகம் தாண்டினால் அதன் பின்னால் நீர்த் தெளிப்பானும் தேவை. கழுவிய நீருக்குப் படிவுத் தொட்டி கட்டாயம், வயல் வாய்க்காலுக்கு விடக்கூடாது. துணிப்பை வடிகட்டிக்கு உமித் தீப்பொறி எமன். பொறி தணிக்காமல் அதைப் பூட்டவே வேண்டாம்.

செப்டெம்பருக்குள் சைக்கிளோனுக்கான அத்திவாரம் முடிய வேண்டும். வாடை மழை தொடங்கினால் குழியில் தண்ணீர் நிற்கும். இரும்பு வேலையை மழைக்காலத்தில் பட்டறைக்குள் செய்யலாம். ஜனவரியில் பூட்டி, பெப்ரவரியில் வெள்ளோட்டம் பாருங்கள்.

வெள்ளோட்டத்தில் சாம்பல் பிடிபடவில்லையென்றால் முதலில் சைக்கிளோனின் அடிவாயைப் பாருங்கள். அங்கே காற்று உள்ளே இழுபட்டால் விழுந்த சாம்பல் மறுபடி மேலே போகும். அடிவாயில் உள்ள சுழல் அடைப்பான் (காற்றை விடாமல் சாம்பலை மட்டும் வெளியே தள்ளும் சுழலும் கதவு) இறுக்கமாக இருக்க வேண்டும். உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. வளைவுத் தகட்டை அராவித் தின்றுவிடும். அந்த இடத்துக்குத் தடித்த தகடு, அதுவும் கழற்றி மாற்றக்கூடியதாக.

மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்குக் கொடுக்கும் திட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் திகதியோடு சான்றையும் எழுதுங்கள்: முற்பணப் பற்றுச்சீட்டு, அத்திவாரப் படம், பரிசோதனை அறிக்கை. தாமதமானால் திகதி கடக்கும் முன்பே காரணத்தை எழுத்தில் அறிவியுங்கள்.