செடியின் கடிகாரமும் கலச்சுவரும்: சறுக்கும் இடங்கள்

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைகள்கூட உயர்தர உயிரியலில் இங்கே சறுக்குகிறார்கள். "இருட்டியதும் தொட்டாற்சுருங்கி இலை மடிக்கிறது; ஆகவே இருட்டுத்தான் காரணம்" என்று எழுதிவிடுவார்கள். பிரான்சில் தெ மெரான் என்ற வானியலாளர் 1729இலேயே அப்படியொரு செடியை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயில் படாமலே இலைகள் வேளை தவறாமல் விரிந்து மடிந்தன. கடிகாரம் செடிக்குள் ஓடுகிறது. வெளிச்சம் அதன் முள்ளைத் திருத்தி வைக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கடிகாரத்துக்கு ஒரேயொரு பரம்பரையலகை (மரபணுவை) தேடுவதும் வீண் வேலை. அரபிடொப்சிசு என்னும் சிறு களையில், விடியலில் உச்சம் தொடும் சிசிஏ1, எல்எச்வை என்னும் பரம்பரையலகுகள் இரண்டும் டொக்1 என்னும் இன்னொன்றை அடக்குகின்றன. அந்தி சாயும்போது டொக்1 தலைதூக்கி அவற்றை அடக்குகிறது. இந்த இழுபறியில் வேறு பலவும் சேர, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகிறது.

செடியின் ஒவ்வொரு கலத்தையும் (செல்லையும்) சுற்றியுள்ள கலச்சுவரைச் செத்த வேலியாக நினைப்பதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. வளரும் கலத்தின் முதற்சுவர் நெகிழ்ந்து கொடுக்கும். வளர்ச்சி நின்ற பிறகே பல கலங்களில் லிக்னின் என்னும் விறைப்பூட்டும் பொருள் ஏறிய இரண்டாம் சுவர் படிகிறது. நெகிழ்வதற்கும் நேரம் உண்டு. குறுகிய பகல்களில் அரபிடொப்சிசு நாற்றின் தண்டு, இரவின் கடைசிப் பகுதியில்தான் விரைவாக நீள்கிறது. நீட்சியைத் தூண்டும் பிஐஎஃப் புரதங்களை முன்னிரவில் கடிகாரம் உருவாகவிடாது. பகலில் வெளிச்சம் சிதைத்துவிடும். எஞ்சுவது விடியலுக்கு முந்திய இடைவெளி மட்டுமே. பகலில் சேர்த்த மாப்பொருளையும் விடியும்வரை தாக்குப்பிடிக்கும் அளவில் செடி செலவிடுகிறது. நம் வீடுகளில் அரிசிப்பானை இப்படிக் கணக்காக இருந்ததில்லை.

நெல் சாய்ந்தால் விதைநெல்லைத் திட்டுவதும் வழக்கம். தண்டின் உயரத்திலும் சுவரிலும் பரம்பரையலகுக்குப் பங்கு உண்டு என்பது உண்மையே. ஆனால், அதே இனம் பக்கத்து வயலில் நிமிர்ந்து நின்றால் யூரியாக் கணக்கைப் பாருங்கள். நைதரசன் மிஞ்சினால் அடிக்கணுவிடைகள் (தண்டின் அடியில் கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) நீண்டு, கலச்சுவர் மெலிந்துபோகும்.

செயற்றிட்டம் செய்யும் மாணவருக்கு ஒன்று. நீர் ஊற்றிய செடியின் இலையைக் காலையிலும், ஊற்றாத செடியின் இலையை மாலை வகுப்பு முடிந்தும் வெட்டி ஒப்பிடாதீர்கள். லிக்னின் பிறக்கும் வழியிலுள்ள பல பரம்பரையலகுகள் விடியலுக்கு முன்னரே உச்சம் தொடுகின்றன. உங்களுக்குக் கிடைக்கும் வேறுபாடு தண்ணீருடையதா, மணியுடையதா என்று பிரிக்க முடியாது. இரண்டையும் ஒரே மணிக்கு வெட்டுங்கள். அந்த மணியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.