சைப்ரஸ் மலைக் கிராமத்துல நாலு நாள் தங்கணும்னா எப்படி பிளான் பண்றது

சைப்ரஸ்னாலே நம்ம சிங்கப்பூர் ஆளுங்க ஐயா நாப்பா, பாஃபோஸ்னு பீச் பக்கம்தான் ரூம் போடுறாங்க. தீவோட உள்பக்கம் ட்ரூடோஸ் மலையைச் சுத்தி இருக்கற திராட்சைக் கிராமங்களைப் பாக்கணும்னா டே ட்ரிப் பஸ் வேணவே வேணாம், ஒமோடோஸ்ல இறக்கி விட்டு கொஞ்ச நேரத்துல திரும்ப ஏத்திக்குவாங்க, கடைத்தெருவைப் பாத்ததுதான் மிச்சம். ஒரே ஊர்ல மூணு நாலு ராத்திரி தங்குங்க. பழைய கல்வீட்டை ரிப்பேர் பண்ணி வாடகைக்கு விடுறாங்க, ஒமோடோஸ், லோஃபு, காக்கோபெத்ரியா எதுவா இருந்தாலும் சரி.

தேதியை டிக்கெட் விலை பாத்து முடிவு பண்ணாதீங்க, விளைச்சலைப் பாத்து பண்ணுங்க. ஜூன் ஸ்கூல் லீவுல போனா பெதுலாஸ் பக்கம் செர்ரி, ஆனா அடிவாரத்துல வெயில் கொளுத்தும், அதனால மேல தங்குங்க. செப்டம்பர் லீவு ஒரு வாரம்தான், ஆனா என்னைக் கேட்டா அதுதான் பெஸ்ட், ஏன்னா திராட்சை அறுவடை. கமாண்டேரியாங்கற இனிப்பு வைன் பண்றதுக்கு அனுமதி உள்ள கிராமங்களே மொத்தம் 14தான், பழத்தைப் பறிச்சு ஒரு வாரத்துக்கு மேல வெயில்ல பரப்பிக் காய வச்சு, சக்கரை ஏறினப்புறம்தான் பிழியுறாங்க. லானியா, சிலிகு பக்கம் வண்டில போனா இது கண்ணுல படும். குடிக்காதவங்களுக்கும் வேலை இருக்கு, பாதாமை நூல்ல கோத்து திராட்சைச் சாறு கூழ்ல முக்கி முக்கிக் காய வைக்கிற சுஜுக்கோஸ் கிடைக்கும். வருஷக் கடைசி லீவுன்னா ஆலிவ், ஆலிவ் ஆட்டுற மில்லு ஓடிட்டு இருக்கும், புது எண்ணெயில ரொட்டியை முக்கித் தின்னுட்டு அப்புறம் வீட்டு எண்ணெயைப் பத்திப் பேசுங்க. ஆகஸ்ட் 15 மாதா திருவிழா, வெளியூர் போன சொந்தக்காரங்க எல்லாம் வந்துடுவாங்க, ரூம் கிடைக்காது.

சிங்கப்பூர்லருந்து நேரடி ஃப்ளைட் கிடையாது, துபாய் இல்லன்னா தோஹா மாறி லார்னக்கா ஏர்போர்ட்டுக்குப் போகணும். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா வேணாம், பிஆர்ஆ (நிரந்தரவாசியா) இருந்து இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க விசா எடுக்கணும். கார் எடுத்தே ஆகணும், மலைக்குப் பஸ் ரொம்பக் கம்மி. பயப்படாதீங்க, 1960 வரைக்கும் பிரிட்டிஷ்காரன் கைல இருந்த தீவு, அதனால ரோட்டுல இடதுபக்கம்தான், பிளக்கும் நம்ம மூணு முள்ளுதான். இன்டர்நேஷனல் லைசன்ஸ் இங்கேயே எடுத்துட்டுப் போங்க. ஊருக்குள்ள சந்து குறுகலா இருக்கும், வண்டியை ஊர் எல்லையிலயே போட்டுட்டு நடங்க. தீவைத் தெற்கு, வடக்குன்னு பிரிக்கிற பச்சைக் கோட்டைத் தாண்டி வடக்கே போனா வாடகைக் கார் இன்சூரன்ஸ் செல்லாது, அந்த ஆசை இருந்தா கம்பெனிகிட்ட முன்னாடியே பேசிக்கோங்க.

ஊர்ல எது வேணும்னாலும் கஃபெனியோவுல கேளுங்க, அதுதான் அங்க கோப்பிக்கடை. சக்கரையை கோப்பியோட சேத்தே காய்ச்சுவாங்க, அதனால ஆர்டர் பண்ணும்போதே சொல்லணும், ஸ்கெட்டோன்னா நம்ம கோப்பி ஓ கோசோங் மாதிரி சக்கரையே இல்லாம, மெட்ரியோ மிதமா, கிளிகோ நல்ல இனிப்பு. அடியில மண்டி நிக்கும், அதைக் கலக்காதீங்க. யாராச்சும் பெரியவர் "கொப்யாஸ்தே"ன்னு கூப்பிட்டா வா வந்து உக்காருன்னு அர்த்தம், பிகு பண்ணாம உக்காருங்க. அப்படி உக்காந்தா இன்னொரு காரியமும் முடியும். ட்ரூடோஸ்ல சுவர் முழுக்க ஓவியம் வரைஞ்ச பத்து சர்ச் யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு, அதுல சிலது பூட்டியே இருக்கும், சாவி யாருகிட்டன்னு அங்கதான் தெரியும். தோள், முட்டி மூடின டிரெஸ் போடுங்க, ஃபோட்டோ எடுக்கலாமான்னு கேட்டுட்டு எடுங்க.

சாப்பாட்டுக்கு ஹாக்கர் சென்டர் மாதிரி எந்நேரமும் கிடைக்கும்னு நினைக்காதீங்க, மதியத்துக்கப்புறம் ஊரே அடைஞ்சு கிடக்கும். ஞாயித்துக்கிழமை மதியம் லிமாசோல், நிக்கோசியா ஆளுங்க குடும்பத்தோட வந்துடுவாங்க, புக் பண்ணாம போகாதீங்க. மெஸ்ஸேன்னு சொன்னா தட்டு தட்டா வந்துகிட்டே இருக்கும், மொத ரெண்டு தட்டுலயே வயித்தை நிரப்பிடாதீங்க. சைவக்காரங்க "நிஸ்டீசிமா"ன்னு கேளுங்க, அது சர்ச் விரதச் சாப்பாடு, கறி, பால், முட்டை எதுவும் இருக்காது, ஆனா கணவாய், ஆக்டோபஸ் விரதத்துல அனுமதி உண்டு, அதை மட்டும் தனியா வேணாம்னு சொல்லிடணும். லூவின்னு ஒண்ணு இருக்கும், நம்ம தட்டப்பயறேதான், காயோட வேகவச்சு ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை ஊத்தித் தருவாங்க, வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு சாப்பிடுங்க.

லெஃப்காராங்கற லேஸ் கிராமத்தைக் கடைசி நாளுக்கு வச்சுக்கோங்க, ஏர்போர்ட் போற வழிக்குப் பக்கம். அங்க லேஸ் வாங்குறதா இருந்தா கையில போட்டதா மெஷின்ல போட்டதான்னு கேட்டுட்டு வாங்குங்க, வாசல்ல உக்காந்து பின்னிட்டு இருக்கற அம்மாகிட்டயே நேரா வாங்கினா இன்னும் நல்லது. விலை கூடத்தான் இருக்கும், பேரம் பேசறதுக்கு முன்னாடி ஒரு துணியை முடிக்க எத்தனை நாள் ஆச்சுன்னு கேளுங்க.