சொந்த டொமைனுக்குக் கட்டுப்படியான ஹோஸ்டிங்: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

உங்கள் பெயரில் ஒரு தளம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். கவிதை போடவோ, தாத்தா காலத்துப் படங்களைச் சேர்த்து வைக்கவோ, வீட்டிலிருந்து நடத்தும் சமையல் வகுப்புக்கோ, எதற்காக இருந்தாலும் வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று பெயர், அதாவது டொமைன். மற்றது அந்தப் பெயரின் கீழ் உங்கள் பக்கங்களை வைத்திருக்கும் இடம், அதாவது ஹோஸ்டிங். ஒரே கடையில் ஒரே பில்லில் இரண்டையும் போட்டுக் கொடுப்பதால் பலர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு வரும் சிக்கல்களில் பாதிக்கு அதுதான் காரணம்.

பெயர் சொந்த நிலம், ஹோஸ்டிங் வாடகை வீடு. நிலப் பத்திரம் உங்கள் கையில் இருக்கட்டும். வாடகை வீட்டில் பார்க்க வேண்டியது இரண்டாம் ஆண்டு வாடகை எவ்வளவு, காலி செய்வது எவ்வளவு சுலபம் என்பவை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் போகின்றன.

படி 1: பெயரை உங்கள் பேரிலேயே பதியுங்கள்

இங்கே மலிவானது .கோ.ஸெட்ஏ என்ற தென்னாப்பிரிக்கப் பெயர் முடிவு. பல கடைகளில் ஆண்டுக்கு நூறு, நூற்றைம்பது ராண்டுக்குள் கிடைக்கும். .காம் பெயரின் மொத்த விற்பனை விலை டாலரில் இருப்பதால் ராண்ட் சரியும்போதெல்லாம் அதன் புதுப்பிப்புக் கட்டணமும் ஏறும். உள்ளூர் வாசகர்களுக்கு மட்டும் என்றால் .கோ.ஸெட்ஏ போதும். உலகம் முழுக்கப் பரவிய குடும்பம் என்றால் .காம் நன்று.

பிள்ளை, நாயுடு, மூட்லி, கவெண்டர் என்று குடும்பப் பெயரை மட்டும் தேடினால் யாராவது முந்தியிருக்க வாய்ப்பு அதிகம். முதல் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஃபோனில் ஒரு தடவை சொன்னால் எதிரில் இருப்பவர் சரியாக எழுத வேண்டும், அதுதான் அளவுகோல்.

இனி முக்கியமான விஷயம். இங்கே அடிக்கடி நடப்பது இது: தளம் செய்து கொடுத்த தம்பியே டொமைனைத் தன் பேரில், தன் மின்னஞ்சலில் பதிந்திருப்பார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். மூன்று ஆண்டு கழித்து அவர் வேலை மாறி கேப் டவுன் போய்விட்டால் புதுப்பிப்பு நினைவூட்டல் அவருக்குத்தான் போகும். டோங்காட்டில் இருக்கும் உங்களுக்கு ஒரு நாள் காலையில் தளம் திறக்காதபோதுதான் விஷயம் தெரியும்.

.கோ.ஸெட்ஏ பெயரை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, பதிவில் உள்ள உரிமையாளர் மின்னஞ்சலுக்குத்தான் ஒப்புதல் கேட்டுக் கடிதம் வரும். .காம் போல ரகசியக் குறியீடு கொடுத்து மாற்றும் முறை இதில் இல்லை. ஆகவே பதிவில் இருக்கும் மின்னஞ்சல் உங்களுடையதா என்று இன்றே பாருங்கள். அது அதே டொமைனில் உள்ள முகவரியாகவும் இருக்கக் கூடாது. தளம் விழுந்தால் அந்த அஞ்சல் பெட்டியும் விழும், ஒப்புதல் கடிதம் எங்கே வந்து சேரும்? ஜிமெயில் போன்ற தனி முகவரி கொடுங்கள்.

படி 2: உண்மையிலேயே காசு கொடுக்க வேண்டுமா என்று பாருங்கள்

வெறும் எழுத்தும் படமும் உள்ள பக்கங்கள் என்றால் பல நேரம் ஹோஸ்டிங்குக்குச் செலவே வேண்டாம். பிளாக்கரில் சொந்த டொமைனை இலவசமாக இணைக்கலாம். கொஞ்சம் கணினி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் என்ற இலவச ஹோஸ்டிங் சேவைகள் இரண்டும் உண்டு. கிட்ஹப்பில் தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், அதோடு அதைக் கடை நடத்தப் பயன்படுத்தக் கூடாது.

டொமைனுக்கு மட்டும் ஆண்டுக்கு நூறு ராண்ட் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். வேர்ட்பிரஸ் (தளம் நடத்த உதவும் மென்பொருள்) வேண்டும், சொந்த டொமைனில் மின்னஞ்சல் வேண்டும், படிவம் நிரப்ப வைக்க வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய கணினியையே சர்வர் (தளத்தை எந்நேரமும் இணையத்தில் வைத்திருக்கும் கணினி) ஆக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். 2022, 2023-ல் 6-ஆம் கட்ட லோட் ஷெடிங்கை (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டை) அனுபவித்த ஊர் இது. மின்சாரம் ஒழுங்காக இருந்தாலும் வீட்டு ஃபைபரில் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் எண், மாறிக்கொண்டே இருக்கும்; டொமைனால் உங்கள் கணினியைக் கண்டுபிடிக்க முடியாது.

படி 3: மூன்றாண்டுக் கணக்குப் போடுங்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதலாண்டு விலை. ஒரு காகிதத்தை எடுத்து மூன்று ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு இரண்டு திட்டங்களை வைத்துக்கொள்வோம்.

முதல் திட்டம் முதலாண்டு மாதம் 29 ராண்ட், அடுத்த ஆண்டிலிருந்து மாதம் 99. முதலாண்டுக்கு 348, அடுத்த இரண்டு ஆண்டுக்கு 2,376, கூட்டினால் 2,724 ராண்ட். அடியில் பொடி எழுத்தில் ‘வாட் (மதிப்புக் கூட்டு வரி) தனி’ என்று இருந்தால் 15 சதவீதம் சேர்த்து 3,132 ராண்டைத் தாண்டும்.

இரண்டாவது திட்டம் எப்போதும் மாதம் 65 ராண்ட், வாட் உட்பட. மூன்று ஆண்டுக்கு 2,340 ராண்ட். 29 ராண்ட் என்று ஆசைகாட்டியதுதான் கடைசியில் எழுநூற்றுச் சொச்சம் கூடுதல்.

இந்தக் கணக்கில் விடுபட்டுப்போகும் சில்லறைகளையும் எழுதுங்கள். ‘டொமைன் இலவசம்’ என்றால் எத்தனை ஆண்டுக்கு? பேக்கப்பை (தளத்தின் சேமித்த நகலை) மீட்டுக் கொடுக்கத் தனிக் காசா? தளத்துக்கும் வாசகருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டிவைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குப் பணம் கேட்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு பல ஆண்டுகளாக அதை இலவசமாகத் தருகிறது, நல்ல ஹோஸ்ட்கள் அதைத் தாமாகவே போட்டு, காலாவதியாகும் முன் தாமாகவே புதுப்பித்தும் விடுகிறார்கள்.

வெளிநாட்டு நிறுவனம் டாலரில் விலை சொன்னால், அன்றைய மாற்று விகிதத்தோடு உங்கள் வங்கி வாங்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள்

உங்கள் வாசகர்கள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் லெனேசியாவிலும் இருந்தால் சர்வர் ஜோஹன்னஸ்பர்க்கிலோ கேப் டவுனிலோ இருப்பது நல்லது. டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போய்வர ஒரு தகவலுக்குப் பத்து, இருபது மில்லி செகண்ட் ஆகும். லண்டன் என்றால் நூற்றைம்பதுக்கு மேல், அமெரிக்கா அதையும் தாண்டும். ஒரு பக்கம் திறக்கப் பல தடவை போய்வர வேண்டியிருப்பதால் இது கண்ணுக்குத் தெரியும் தாமதமாகிறது.

வேகத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. 2024 மார்ச் 14-ஆம் தேதி ஐவரி கோஸ்ட் கடலோரத்தில் டபிள்யூஏசிஎஸ், சாட்-3 உள்ளிட்ட கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது, வெளிநாட்டுச் சர்வர்களை நம்பியிருந்த பல சேவைகள் இங்கே தடுமாறின. டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் இடையிலான போக்குவரத்துக்கு அந்தக் கேபிள்கள் தேவையில்லை.

நேர்மாறாக, உங்கள் எழுத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் சென்னையிலும் டொராண்டோவிலும் இருந்தால் உள்ளூர்ச் சர்வருக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பொருளில்லை. அப்போது எந்த ஹோஸ்டையும் எடுத்துக்கொண்டு முன்னால் கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தை வையுங்கள். அவர்களுக்கு டர்பன், ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன், சென்னை எல்லா இடத்திலும் மையம் இருக்கிறது. படங்கள் வாசகருக்குப் பக்கத்திலிருந்தே போகும்.

படி 5: ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லைக் கண்டு மயங்காதீர்கள்

எல்லையில்லா இடம் என்று எவரும் தர முடியாது. விதிமுறைப் பக்கத்தில் எத்தனை கோப்புகள் வரை, எவ்வளவு சிபியு (கணினியின் செயல்திறன்) வரை என்று எல்லை போட்டிருப்பார்கள். வேர்ட்பிரஸ் ஒன்றே ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைக் கொண்டு வரும் என்பதால் கோப்பு எண்ணிக்கை வரம்பைத்தான் முதலில் பாருங்கள்.

அப்படியானால் எவ்வளவு இடம் தேவை? தமிழில் எழுதுபவர்கள் ஒரு தடவை கணக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். ஆங்கிலத்தைப் போல மூன்று மடங்குதான், ஆனாலும் ஆயிரம் சொல் கட்டுரை 30 கேபி பக்கம்தான் வரும். ஐந்நூறு கட்டுரை எழுதினாலும் 15 எம்பி. ஃபோனில் எடுத்த காவடிப் படங்கள் நாலைந்தை அப்படியே ஏற்றினால் அதைத் தாண்டிவிடும். படத்தைச் சுருக்கிவிட்டு ஏற்றும் பழக்கம் இருந்தால் 2 அல்லது 3 ஜிபி உள்ள மிகச் சின்னத் திட்டமே தனி ஆளுக்குப் பல ஆண்டு போதும்.

படி 6: வாங்கும் முன் தமிழைச் சோதியுங்கள்

இதைப் பொதுவான வழிகாட்டிகள் யாரும் சொல்வதில்லை, நமக்கு இதுதான் தலைவலி. சோதனைக் காலத்திலோ பணம் திருப்பித்தரும் காலத்திலோ இவற்றைச் செய்து பாருங்கள்.

உங்கள் எழுத்தைச் சேமிக்கும் டேட்டாபேஸ் எந்த எழுத்துக் குறியாக்கத்தில் உருவாகிறது என்று பாருங்கள், யூடிஎஃப்8எம்பி4 என்று இருக்க வேண்டும். பழைய லத்தீன்1 அமைப்பாக இருந்தால் நீங்கள் ‘வணக்கம்’ என்று சேமித்தது கேள்விக்குறி வரிசையாகத் திரும்பி வரும். பெயர் எம்பி4 இல்லாத வெறும் யூடிஎஃப்8 என்றால் தமிழ் தப்பிக்கும், ஸ்மைலி போட்டால் மாட்டும்.

அடுத்து, தொடர்புப் படிவத்தில் தமிழில் தலைப்பிட்டு உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்புங்கள். தலைப்பு சரியாக வருகிறதா, ஸ்பாம் பெட்டிக்குள் போகிறதா என்று பாருங்கள். ஸ்பாமில் விழுந்தால் கடிதம் உண்மையில் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் அமைக்க வழி இருக்கிறதா என்று ஹோஸ்டிடம் கேளுங்கள். மலிவுத் திட்டங்களில் ஒரே ஐபி முகவரியைப் பலர் பகிர்வதால் பக்கத்து வீட்டுக்காரர் செய்த தப்புக்கு நம் கடிதமும் மாட்டிக்கொள்வது உண்டு.

இன்னொன்று, ஹோஸ்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக விட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக நீளும். முகவரிக்கு 200 எழுத்துதான் வரம்பு. எனவே இருபத்திரண்டு குறியோடு முகவரி பாதியில் வெட்டுப்படும். சின்ன ரோமன் எழுத்து முகவரி கொடுப்பது நல்லது.

படி 7: ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு கேள்வி அனுப்புங்கள்

உள்ளூரில் அஃப்ரிஹோஸ்ட், டொமைன்ஸ்.கோ.ஸெட்ஏ, முன்பு ஹெட்ஸ்னர் சவுத் ஆப்பிரிக்கா என்றிருந்து 2019-ல் பெயர் மாற்றிக்கொண்ட ஸ்னீலோ என்று பல நிறுவனங்கள் இருக்கின்றன. இவற்றில் எது நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. விலை மாறும், திட்டம் மாறும். இரண்டு மூன்றைத் தேர்ந்துகொண்டு எல்லாருக்கும் ஒரே கேள்வியை அனுப்புங்கள்: “நான் பின்னால் வேறு இடத்துக்குப் போக விரும்பினால் முழு பேக்கப்பை நானே இறக்கிக்கொள்ள முடியுமா? ரத்துசெய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும்?”

பதில் வர எவ்வளவு நேரம் ஆனது, கேட்டதற்குத்தான் பதில் சொன்னார்களா, இல்லை உதவிப் பக்கத்தின் இணைப்பை மட்டும் ஒட்டி அனுப்பினார்களா என்று பாருங்கள். காசு வாங்கும் முன்பே சுற்றி வளைப்பவர்கள் காசு வாங்கிய பிறகு எப்படி இருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 8: முதலில் மாதக் கட்டணம், பிறகு ஆண்டுக் கட்டணம்

மூன்றாண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் இரண்டு மாதம் மாதக் கட்டணத்திலேயே ஓட்டிப் பாருங்கள். திருப்தியாக இருந்தால் ஓராண்டுக்குக் கட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஹோஸ்ட் பேக்கப் எடுத்தாலும் மாதம் ஒரு முறை நீங்களே ஒரு நகல் இறக்கி வீட்டுக் கணினியில் வையுங்கள். வாசகர்களின் பெயர், மின்னஞ்சல் சேகரித்து வகுப்புக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்துகிறீர்கள் என்றால், 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் பாப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். தேவையில்லாத விவரத்தைக் கேட்காமல் இருப்பதே அதற்குச் சுலபமான வழி. வீட்டுக்குள் மட்டும் புழங்கும் சொந்த விஷயங்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது.

படி 9: இடம் மாறும் நாள் வந்தால்

வரிசை முக்கியம். முதலில் புது ஹோஸ்டில் கணக்குத் திறந்து கோப்புகளையும் டேட்டாபேஸையும் ஏற்றி, அங்கே தளம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பாருங்கள். மின்னஞ்சல் பெட்டிகளையும் அதே பெயர்களில் அங்கே உருவாக்குங்கள், பெரும்பாலோர் மறப்பது இதைத்தான். அதன் பிறகே டொமைனின் நேம்சர்வரை (பெயர் எந்த ஹோஸ்டுக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவதை) மாற்றுங்கள்.

மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச்சேர ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் ஆகும். அந்த இடைவெளியில் சில கடிதங்கள் பழைய பெட்டியில்தான் வந்து விழும். ஒரு வாரம் கழித்துப் பழைய பெட்டியை இன்னொரு தடவை திறந்து பார்த்து, வந்ததை எடுத்துக்கொண்டு, அதன் பிறகு ரத்துக் கடிதம் கொடுங்கள். முன்னறிவிப்பு ஒரு முழு மாதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், 1-ஆம் தேதிக்கு முன்பே கடிதம் போய்ச்சேரும்படி அனுப்புங்கள். 2-ஆம் தேதி அனுப்பினால் இன்னொரு மாத வாடகை கேட்பார்கள்.