ஏஎல்பி ஆப்டிட்யூட் டெஸ்ட்: தீப்பெட்டி அடுக்கிப் பழகுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ஏஎல்பி, ரயில் ஓட்டுநருக்கு உதவியாளர்) வேலைக்கு எழுதும் தம்பி தங்கைகள், கம்ப்யூட்டரில் நடக்கும் ஆப்டிட்யூட் டெஸ்டில் தேற 42 வேண்டும் என்கிறார்களே, முதலில் அந்த 42-ஐச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அது நூற்றுக்கு 42 மார்க் இல்லை, டி-ஸ்கோர். சராசரியை 50 என்று வைத்து, நீங்கள் அதற்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்க்கிற கணக்கு. ஐந்து டெஸ்ட், ஐந்திலும் தனித்தனியாக 42 வேண்டும், இடஒதுக்கீட்டில் எந்தப் பிரிவானாலும் இதில் தளர்வு கிடையாது. நாலில் வெளுத்து வாங்கிவிட்டு ஒன்றில் 41 வாங்கினாலும் கதை முடிந்தது. அதனால் நன்றாக வருவதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல், வராததில் உட்காருங்கள்.

பலரும் தடுமாறுவது செங்கல் அடுக்கில்தான். ஒரு செங்கல்லைக் காட்டி, இதை எத்தனை செங்கல் தொடுகிறது என்பார்கள். படத்தில் பின்னால் மறைந்திருப்பதை விட்டுவிடுவோம். மளிகைக் கடையில் இருபது தீப்பெட்டி வாங்கி அடுக்குங்கள் (வீட்டில் திட்டினால் திட்டட்டும்), மேலே, கீழே, இடது, வலது, முன், பின் என்று எப்போதும் ஒரே வரிசையில் எண்ணுங்கள். நாலு நாளில் கண் பழகிவிடும்.

நினைவாற்றலுக்கு ஒரு வரைபடம் காட்டி எடுத்துவிட்டு எந்தக் கட்டடம் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நான்கு ரோடு வரை வழி சொல்வதுபோல மனதுக்குள் நடந்து பாருங்கள், அப்படியே நிற்கும்.

கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான், தமிழ் இல்லை. தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அடி விழுவது கட்டளைகளைப் பின்பற்றும் டெஸ்டில். அதில் வரும் ஆங்கில வாக்கியங்கள் சின்னவைதான், முன்பே படித்துப் பழகினால் போதும். கவனமும் வேகமும் பார்க்கும் மற்ற இரண்டுக்கும் பயிற்சிதான், வேறு வித்தை இல்லை. நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒரே கேள்வியில் தேங்காதீர்கள்.

மாதிரிக் கேள்விகளை ஆர்டிஎஸ்ஓ (ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பு) இணையதளத்தில், சைக்கோ டெக்னிக்கல் பிரிவில் பாருங்கள். செல்போனில் வேண்டாம், படத்தை விரலால் பெரிதாக்கிப் பழகிவிட்டால் தேர்வு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் கை உதறும். பிரவுசிங் சென்டரில் மவுஸ் பிடித்துப் போடுங்கள்.

அப்புறம் கண் சான்றிதழ். அறிவிப்பில் கொடுத்த படிவத்திலேயே டாக்டரிடம் வாங்கி ஒரிஜினலைக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடி இல்லாமலே 6/6 பார்வை வேண்டும், கண்ணில் லேசர் சிகிச்சை செய்துகொண்டாலும் செல்லாது. தேர்வுக்குப் படிக்க ஆரம்பிக்கும் முன்பே கண்ணைச் சோதித்துவிடுங்கள்.