நர்ஸ் எஜுகேட்டர் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியின் பெரிய மருத்துவமனைகளுக்குக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருப்பதால், வார்டுகளில் நெரிசல் குறைவதே இல்லை. அந்த நெரிசலில் முதலில் மறக்கப்படுவது நர்ஸ் எஜுகேட்டரின் வேலை எது என்பதுதான். அவர் செவிலியர் கல்லூரி ஆசிரியரும் அல்லர், வார்டு இன்சார்ஜும் அல்லர். ஏற்கெனவே பணியில் இருக்கும் செவிலியர்களின் திறனை நோயாளியின் படுக்கையருகிலேயே வளர்க்க வேண்டியவர்.

மிகப் பரவலான தவறு, அவரை ஆள் பற்றாக்குறையை நிரப்பும் கூடுதல் கையாகக் கருதுவது. பேரிடர்க் காலத்தில் அப்படி அழைப்பதில் குற்றமில்லை. ஆனால் வாரந்தோறும் ஐசியூவுக்கு ஆள் வேண்டும் என்று அனுப்பினால், புதியவர்களுக்கான பயிற்சி யாருக்கும் தெரியாமல் நின்றுபோகும். இதில் எஜுகேட்டர்களுக்கும் பங்குண்டு: 'இன்னும் நான் நர்ஸ்தான்' என்று உணர்வதற்காகவே பலர் மறுப்பின்றிப் போய்விடுகிறார்கள். படுக்கையருகே போக வேண்டியதுதான், ஆனால் கற்பிப்பதற்காகப் போக வேண்டும். பணி விவரம் எழுத்தில் இருக்க வேண்டும். அவரை வேறு டியூட்டிக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் எந்த வகுப்பு ரத்தானது என்பதைக் குறித்து நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் கொடுப்பதும் நல்லது.

கைதேர்ந்த செவிலியர் தானாகவே நல்ல ஆசிரியர் ஆகிவிடுவார் என்று எண்ணுவது அடுத்த தவறு. செவிலியரின் வளர்ச்சியைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளாக 1984இல் விளக்கிய அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர், வல்லுநர் விதிகளை எண்ணிப் பார்க்காமல் சூழலை நேரடியாக உணர்ந்து செயல்படுகிறார் என்கிறார். விதிகளைக் கடந்துவிட்டவருக்கு, விதிகளையே பிடித்துக்கொண்டு நிற்கும் புதியவரிடம் காரணத்தைப் பிரித்துச் சொல்வது கடினம். கற்பித்தலில் அவரே புதியவர் என்பதால், அவருக்கும் பயிற்சியும் கால அவகாசமும் தேவை.

எஜுகேட்டரை மேற்பார்வையாளராக்குவதும் கூடாது. நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த, கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களில் ஒன்றைத் தவறவிட்டவரின் பெயரை அவர் மேலிடத்துக்கு அனுப்பத் தொடங்கிவிட்டால், பிறகு எந்தச் செவிலியரும் தம் சந்தேகத்தை அவரிடம் கேட்க மாட்டார். தணிக்கையை வேறொருவர் செய்யட்டும்.

வருகைப் பதிவேட்டை வைத்துப் பயிற்சியை அளப்பது மற்றொரு தவறு. காலை எட்டு மணிக்கு இரவு டியூட்டி முடித்து நெல்லிக்குப்பத்துக்கோ பாகூருக்கோ பேருந்து ஏற நிற்பவரைப் பதினொரு மணி வகுப்புக்கு நிறுத்தி வைத்தால், கிடைப்பது கையெழுத்து மட்டுமே. அதைவிட, அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடிந்ததும் வார்டிலேயே பத்து நிமிடம் சொல்லிக் கொடுக்கலாம். இன்சுலின் பற்றிச் சொல்லிக் கொடுத்திருந்தால், இரண்டு வாரம் கழித்து அந்த வார்டின் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, குப்பிகளின் மேல் திறந்த தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.